சாதம் அளவில்லை, பொரியல் ஒரு கரண்டி: எங்கள் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர், மனிதவளத் துறைத் தலைவர், கேண்டீன் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

ஜூன் முதல் தேதி பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். மொத்தம் மூன்று வரி. டீ மாஸ்டர் டீ போடுவது நிறுத்தப்பட்டு இயந்திரம் வருகிறது. மாலைச் சுண்டலுக்குப் பதில் கிரீம் பன். மதிய இடைவேளை நாற்பத்தைந்து நிமிடத்திலிருந்து முப்பது நிமிடமாகிறது, அந்த நேரத்தில் ஷெட்டைச் சுற்றி நடப்பதற்குப் பாதுகாப்பு கருதித் தடை. கீழே சீல், கையெழுத்து. அந்த நோட்டீஸுக்கு நேர் மேலே, இன்னும் கிழிக்காமல், ஜனவரியில் நடந்த மருத்துவ முகாமின் போஸ்டர் இருந்தது. 'உங்கள் ஆரோக்கியமே எங்கள் சொத்து' என்று அதில் பெரிய எழுத்து. இரண்டையும் ஒரே ஆள்தான் ஒட்டியிருக்க வேண்டும், அதே டேப்.

நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன், ஹெச்.ஆர். மேடத்திடம் சொன்னேன், ஆலோசனைப் பெட்டியில் இரண்டு முறை எழுதிப் போட்டேன். அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்‌ஷன் லைனில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. காலை 6.40-க்கு வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலை ஏழு ஆகிவிடும். காலை டிபன், பத்து மணி டீ, மதியச் சாப்பாடு, மூன்றரை மணி டீ எல்லாம் உங்கள் கேண்டீனில்தான். வீட்டில் நான் சாப்பிடுவது இரவுச் சாப்பாடு ஒன்று.

ஜனவரி முகாமில் ரத்தம் எடுத்தீர்கள். பத்து நாள் கழித்து ஆளுக்கொரு கவர் வந்தது. எனக்கு வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி 6.1. பக்கத்தில் ஊதா மையில் 'பார்டர்லைன்' என்று ரப்பர் ஸ்டாம்ப். முகாம் டாக்டர் என்னிடம் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. "பயப்பட ஒண்ணுமில்லம்மா, பார்டர்லதான் இருக்கு. ஸ்வீட்டக் குறைங்க, தினம் நடங்க." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பரீட்சை மார்க் பார்ப்பது போல எல்லோரும் கவரை மாற்றிப் பார்த்துக்கொண்டோம். எங்கள் லைனில் இருபத்தாறு பேர், அதில் ஒன்பது கவர்களில் அதே ஊதா ஸ்டாம்ப். "பார்டர்ல பாஸ் ஆயிட்டோம்டி" என்று ஓர் அக்கா சொன்னார், பஸ்ஸே சிரித்தது. நானும்தான். நமக்கு பார்டர் என்றால் தப்பித்துவிட்டோம் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால் அப்படித்தானே சொல்வோம்.

எனக்கு அந்தச் சிரிப்பு நெடுநேரம் தாங்கவில்லை. என் அம்மாவின் இன்சுலின், வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் பல வருடமாக இருக்கிறது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கே சுகர் வந்து, பிரசவத்தோடு போய்விட்டது. அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நோயாகவே வர வாய்ப்பு அதிகம், வருடா வருடம் பாருங்கள் என்று அப்போதே சொல்லி அனுப்பினார்கள். ஒன்பது வருடம் மறந்து போயிருந்தேன். அது என் தப்பு, உங்கள் மேல் போடவில்லை.

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று முகாமில் யாரும் சொல்லாததால் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் 100-லிருந்து 125 வரை, அல்லது ஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126-ஐ, அல்லது 6.5-ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால் நோய் என்றே பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி, இந்த முந்தைய நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி. வாசலுக்கு உள்ளே இருப்பவர்களைவிட வாசற்படியில் நிற்பவர்கள்தான் அதிகம்.

வாசற்படியில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதற்கும் நம்ம ஊரிலேயே கணக்கு இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இந்த நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்று வருடத்துக்குள் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றி, விடாமல் பின்தொடர்ந்து கவனித்தவர்களில் அது 39. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான், 40. ஆக, மாத்திரை செய்ததைச் சாப்பாடும் நடையும் செய்திருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வுக்கு ஆள் சேர்த்தது பெரும்பாலும் வேலை செய்யும் இடங்களில்தான், எங்களைப் போல மாதச் சம்பளத்துக்குப் போகிறவர்களைத்தான்.

எனக்கு மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று மாதம் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள் என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னார். மாற்றினேன். எப்படி மாற்றினேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எடுத்துக்கொண்டது எதை என்பது அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

முதலில் டீ. டீ மாஸ்டர் அண்ணனிடம் ஒரு தடவைதான் சொன்னேன். மறுநாளிலிருந்து என்னைக் கண்டதும் சர்க்கரை போடாத டிகாஷனில் பாலை ஊற்றி, தனி டம்ளரில் கால் ஸ்பூன் போட்டு, ஸ்பூனை டம்ளர் விளிம்பில் தட்டிக் காட்டுவார். 'பாத்துக்க, இவ்வளவுதான்' என்று அர்த்தம். ஒரு மாதத்தில் அந்தக் கால் ஸ்பூனும் நின்றது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் 'பார்டர்' டம்ளர்கள் ஏழெட்டு அவருடைய மேடையில் தனியாக நின்றன. மாஸ்டருக்கு நீங்கள் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. முகாம் டாக்டர் செய்யாத வேலையை அவர் செய்தார்.

அடுத்தது மதியச் சாப்பாடு. உங்கள் கேண்டீன் தட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். எவர்சில்வரில் நான்கு பள்ளம். சாதத்துக்கு வயல் மாதிரி ஒரு பள்ளம், பொரியலுக்கு உள்ளங்கைக் குழி அளவில் ஒன்று. டாக்டர் சொன்னது இதற்கு நேர் எதிர்: பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்போ முட்டையோ, கால் தட்டு சாதம். நான் தட்டைத் திருப்பிப் பிடித்து, பெரிய பள்ளத்தில் பொரியலும் கூட்டும், சின்னக் குழியில் சாதமும் வாங்க ஆரம்பித்தேன். "அக்காவுக்குத் தட்டைப் பிடிக்கவே தெரியல" என்று பரிமாறும் தம்பி சிரித்தான். முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சாதத்துக்குப் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று சொல்லியிருந்தார்கள், அதையும் செய்தேன். வயிறு நிறைந்தது. மூன்று மணிக்கு வருகிற அந்தத் தூக்கம் குறைந்தது.

சாதத்தைக் குறை சொல்லவில்லை. சோறு தின்றுதான் வளர்ந்தோம். ஆனால் உங்கள் கேண்டீனில் சாதம் எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம், பொரியல் மட்டும் ஒரே கரண்டி. இரண்டாவது கரண்டிக்குப் பத்து ரூபாய் டோக்கன். பத்து ரூபாய் கொடுத்து பீன்ஸ் வாங்குவதா, சும்மா கிடைக்கிற சாதத்தில் ரசம் ஊற்றிக்கொள்வதா என்று கேட்டால் எங்கள் சம்பளத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

மூன்றரை மணிச் சுண்டலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. திங்கள் கொண்டைக்கடலை, செவ்வாய் தட்டைப்பயறு, புதன் பச்சைப்பயறு, வியாழன் மொச்சை, வெள்ளி வேர்க்கடலை. கடுகு, வரமிளகாய், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். ஒரு சின்னக் கிண்ணம்தான். புரதமும் நார்ச்சத்தும் உள்ள அதைச் சாப்பிட்டால் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகும்வரை பசி அடங்கியிருக்கும். பஸ் நிற்கிற இடத்தில் பஜ்ஜிக் கடை பக்கம் கண் போகாது. அதைத்தான் கிரீம் பன்னாக மாற்றியிருக்கிறீர்கள். மைதா, சர்க்கரை, வனஸ்பதி. அதற்குப் பக்கத்தில் இனிப்பு டீ.

கடைசியாக நடை. சாப்பிட்ட பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஸ்டோர் ஷெட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று, நான்கு சுற்று நடப்போம். பாதுகாப்பு ஷூவின் கனத்தில் முதல் வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டதும் நடந்தால் சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையைத் தசை உடனே எடுத்துக்கொள்ளும், அதனால்தான் அந்த நேரத்து நடைக்குத் தனிப் பலன். மாலை நடைக்கு எங்களுக்கு நேரம் ஏது? ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பு, பிள்ளைகளின் ஹோம்வொர்க், துணி. பார்க்கில் நடக்கச் சொல்பவர்கள் வாலாஜாபாத்தில் எங்கள் தெருவில் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் என் செலவில் திரும்ப ரத்தம் கொடுத்தேன். ஏ1சி 5.8. எடை 68 கிலோவிலிருந்து 64. இதற்காக நான் தனியாக எதுவும் வாங்கவில்லை, ஜிம்முக்குப் போகவில்லை, பட்டினி கிடக்கவில்லை.

ஜூனில் உங்கள் நோட்டீஸ் வந்தது.

இயந்திரத்தில் மூன்று பொத்தான். டீ, காபி, வெந்நீர். சர்க்கரை இல்லாத டீக்கு எந்தப் பொத்தான் என்று கேட்டேன். பவுடரிலேயே கலந்துதான் வருகிறதாம். காலிப் பாக்கெட் ஒன்றை எடுத்துப் படித்தேன். உணவுப் பொருளின் லேபிளில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதலில் இருந்தது சர்க்கரை. அடுத்து பால் பொடி. தேயிலை அதற்கும் அப்புறம். ஒரு கப்பில் இரண்டு ஸ்பூனுக்குக் குறையாது என்று என் நாக்கு சொல்கிறது. ஒருநாளைக்கு மூன்று கப் என்றால் ஆறு ஸ்பூன். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை ஒருநாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு ஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கு டீயிலேயே முடிந்துவிடுகிறது, பன்னுக்கு இடமில்லை.

வெந்நீர்ப் பொத்தானை அமுக்கி, வீட்டிலிருந்து கொண்டு வந்த தேயிலைப் பையைப் போட்டுக் குடிக்கலாம் என்று நினைத்தேன். கேட்டில் பையைச் சோதித்து, வெளித் தின்பண்டம் உள்ளே வரக்கூடாது, எலி வருகிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஹெச்.ஆர். மேடத்திடம் போனேன். "சுகர் இருக்கிறவங்க வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வரலாமே" என்றார். கேட்டில் விடமாட்டார்களே மேடம் என்றேன். "ஆமால்ல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு ஒருநாள் அவரே அழைத்து, நாட்டுச்சர்க்கரை டீ பவுடர் கிடைக்கிறதாம், அதைப் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். நிறம் மட்டும் வேறு. இன்னொருவர் கேழ்வரகுக் கூழ் போடலாம் என்றார். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் வேகமாக ஏற்றும். நாங்கள் கேட்டது புதிதாக எதையும் அல்ல, இருந்ததைத்தான்.

இரவு ஷிப்ட் தம்பிகள் இன்னும் பாவம். இரவு இரண்டு மணிக்கு பரோட்டாவும் சேர்வாவும். தூக்கம் கெடுவதும் நடுராத்திரியில் சாப்பிடுவதும் சர்க்கரையை ஏற்றும் என்று சொல்கிறார்கள், அதன் மேல் இது வேறு. அவர்கள் சார்பில் எழுத எனக்கு அதிகம் தெரியாது. அவர்களையே கூப்பிட்டுக் கேளுங்கள்.

செப்டம்பரில் மறுபடியும் பரிசோதித்தேன். 6.1. எடை 66. உங்கள் டீ இயந்திரம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஆடித் திருவிழாக் கூழ் எல்லாம் வந்து போயின. ஆனால் அந்த ஒன்பது கவர்காரர்களில் இரண்டு பேர் இப்போது மாத்திரையில் இருக்கிறார்கள். 'பார்டர்ல பாஸ்' என்று சொன்ன அக்கா அதில் ஒருவர்.

நடைக்குத் தடை போட்டதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்டோர் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது, ஒருவர் மேல் மோதப் பார்த்தது உண்மை. அதற்கு வழி பாதையைப் பிரிப்பது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வேப்பமர நிழல் இருக்கிறது, வண்டி எதுவும் அங்கே போவதில்லை. இடைவேளை முப்பது நிமிடம் சட்டப்படி செல்லும் என்றும் எனக்குத் தெரியும். அரை மணி நேரம் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். வரிசையில் நிற்க எட்டு நிமிடம், தட்டுக் கழுவ மூன்று நிமிடம் போனால் வாரி வாயில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. பெண்கள் கழிவறைக்கும் அதே முப்பதுக்குள்தான் போக வேண்டும்.

சட்டம் என்றதும் இன்னொன்று. பெரிய ஆலையில் கேண்டீன் வைப்பதையும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருப்பதையும் பற்றி 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பதில் தொழிலாளியின் குரலும் வேண்டும் என்பதற்குத்தான் அந்தக் குழு. உங்கள் குழு கடைசியாக எப்போது கூடியது? ஜூன் நோட்டீஸ் அதில் பேசப்பட்டதா? எங்கள் லைனில் அந்தக் குழுவின் உறுப்பினர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இருபத்தாறு பேரையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

செலவு என்பீர்கள். மாஸ்டரின் சம்பளம் மிச்சம், பன் பாக்கெட்டாக வந்துவிடுகிறது, ஊறவைத்து வேகவைக்கும் வேலை இல்லை. புரிகிறது. ஆனால் ஜனவரி முகாமுக்கும் செலவு செய்தீர்கள். ஆளுக்கு ஒரு கவர், ஒரு ஸ்டாம்ப். அதற்குப் பிறகு ஒருவராவது எங்களை என்ன ஆச்சு என்று கேட்டீர்களா? தென்னிந்தியாவில் இதே முந்தைய நிலையில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. முதலில் எல்லோருக்கும் ஒரே ஆலோசனை, அதன்பின் பாதிப் பேருக்கு மட்டும் சாப்பாடு, நடை பற்றி விடாமல் குறுஞ்செய்தி. இரண்டு வருடம் போனபின் செய்தி வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய், செய்தி வந்தவர்களில் 18. மறக்காமல் நினைவூட்டியதற்கே அவ்வளவு பலன். நீங்கள் பஸ் தாமதமானால் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறீர்கள், ஓவர்டைம் இருந்தால் அனுப்புகிறீர்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு முகாமில் ரத்தமே எடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதே வேலை, அதே டீ, அதே பன்.

எனவே கேட்கிறேன்.

டீ மாஸ்டரைத் திரும்பக் கொண்டு வாருங்கள். முடியாது என்றால் இயந்திரத்தில் ஒன்றிலாவது சர்க்கரை சேராத பவுடரைப் போட்டு, சர்க்கரையைத் தனி டப்பாவில் வையுங்கள். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். சுண்டலை வாரம் ஐந்து நாளும் திரும்பக் கொடுங்கள். பன் வேண்டுமென்பவர்களுக்கு அதுவும் இருக்கட்டும், தேர்வு எங்களுடையதாக இருக்க வேண்டும். பொரியலின் இரண்டாவது கரண்டிக்கு டோக்கனை எடுத்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள் கீரை போடுங்கள். அடுத்த முறை தட்டு வாங்கும்போது பள்ளங்களின் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

மதிய இடைவேளையை நாற்பத்தைந்து நிமிடமாக்குங்கள். வேப்பமரப் பக்கம் ஒரு மஞ்சள் கோடு போட்டு நடக்க விடுங்கள்.

பரிசோதனையை வருடம் ஒருமுறை எல்லோருக்கும், 'பார்டர்' ஸ்டாம்ப் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து நடத்துங்கள். எண்ணையும் அதன் அர்த்தத்தையும் தமிழில் எழுதிக் கவரை ஒட்டிக் கொடுங்கள். அந்தக் கவரை வைத்து யாருடைய ஓவர்டைமையும் வேலையையும் தொடமாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். இந்த உறுதி இல்லாவிட்டால் அடுத்த முகாமில் பாதிப் பேர் லீவு போட்டுவிடுவார்கள், எனக்கு இப்போதே தெரியும்.

கேண்டீன் குழுவில் பெண்கள் இருவர், இரவு ஷிப்டில் ஒருவர், கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் என்று சேர்த்து, மாதம் ஒருமுறை கூட்டி, அங்கே பேசியதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

இதற்கான பதிலையும் அதே இடத்தில், பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்தில், இந்த மாதம் முடிவதற்குள் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். எதை முடியாது என்கிறீர்களோ அதற்குக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்ஸ்பெக்‌ஷன் லைன் தொழிலாளி ஒருத்தி
(பெயர் போடாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்)